வண்டுகளின் வரிசை

வேலைநிறுத்தம் ஒரு வியாழக்கிழமை காலையில், ஆப்பிள் சாறு குடித்து முடித்த கையோடு தொடங்கியது. அதில் கலந்துகொண்டவர்களில் மூத்தவனுக்குப் பத்து வயது. கடைக்குட்டிக்கு இன்னும் எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று தெரியாது.

லூசியன் உலெட் தன் உருளைக்கிழங்கு வயலின் ஓரத்தில் நின்று பார்த்தான். கிழங்கு பொறுக்கும் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு, பிள்ளைகள் அத்தனை பேரும் அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடி ஜாடியில் பாதி சோப்புத் தண்ணீர், எல்லாம் காலடியில். ஒன்றில்கூட ஒரு வண்டு இல்லை. எல்லோருக்கும் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் ஜோசி பெல்கி. வயது எட்டு, முன்பற்கள் இரண்டும் இல்லை. அவளுடைய அம்மா ஊரில் காகித ஆலைத் தொழிற்சங்கத்தின் செயலாளர். அவருக்கு முன்னால் தாத்தா. அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும்போதே பேச்சுவார்த்தை நடத்தவும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் போல.

"இனிமே நாங்க வண்டு பொறுக்க மாட்டோம், மிஸ்டர் லூ," என்றாள் ஜோசி. "கெட்ட பூச்சின்னு ஒண்ணு கிடையாதுன்னு மார்செல்லா சொல்லியிருக்காங்க. முந்தாநாள்தான் சொன்னாங்க. எல்லாருக்கும் கேட்டுச்சு."

லூசியன் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தான். மார்செல்லா கோழிகளுக்கு ஏதோ அவசரம் என்பதுபோல் அந்தப் பக்கம் நடையைக் கட்டினாள்.

கோடைக்காலத்தில் வாரம் இரண்டு காலைகள் ஊர்ப் பிள்ளைகளைப் பண்ணைக்கு வரவழைத்து, தவளை எங்கே முட்டையிடும், தேனீ எந்தப் பூவுக்கு முதலில் போகும் என்றெல்லாம் காட்டுவது மார்செல்லாவின் ஏற்பாடு. லூசியன் அதில் மூக்கை நுழைப்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தான். கடைசி ஒரு மணி நேரம் பிள்ளைகள் தன் வயலில் வண்டு பொறுக்க வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் அது ஒன்றும் அநியாயமான நிபந்தனை இல்லை. செப்டம்பரில் கிழங்கு தோண்டுவதற்காகப் பள்ளிக்கூடத்தையே மூடுகிற ஊர் அது.

அவனுக்கு அந்தச் சின்னக் கைகள் இல்லாமல் முடியாது என்பதுதான் உண்மை. மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடு போட்ட அந்த வண்டுகளும், இலையைத் தின்றுகொண்டே கொழுக்கும் அவற்றின் சிவப்புப் புழுக்களும் ஒரு வாரம் விட்டால் வயலைக் குச்சியாக்கிவிடும். இயற்கை விவசாயத்துக்கு அனுமதித்த மருந்தைப் போன வருஷம் அடித்துப் பார்த்தான். வண்டுகள் குளித்துவிட்டு வந்த மாதிரி தெம்பாக மேய்ந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஆல்பனின் வயல். அவன் அடிக்கிற மருந்தில் அங்கே வண்டு தலைகாட்டாது. "ஒரு வார்த்தை சொல்லு, டிராக்டரை உன் பக்கம் திருப்புறேன்," என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிச் சிரிப்பான். திருப்பினால் மூன்று வருஷத்துக்கு இயற்கை விளைச்சல் என்று சொல்லி ஒரு கிழங்கைக்கூட விற்க முடியாது. அந்தக் கிழங்கில்தான் அவர்களுடைய குளிர்காலமே ஓடுகிறது.

ஆகவே லூசியன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு இறங்கினான்.

ஜோசியின் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. வண்டுகளுக்கென்று ஒரு வரிசை வேண்டும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதைக் கொடுத்தால் மற்ற வரிசைகளில் பொறுக்கத் தொழிலாளர்கள் தயார். நடு வயலில் நல்ல வரிசையாகக் கேட்டாள். இல்லை, தேவதாரு மரங்களின் நிழலில் ஈரம் வடியாத அந்தக் கடைசி வரிசைதான் என்றான் லூசியன். அவள் கூடைகளிடம் போய்க் குசுகுசுவென்று ஆலோசனை நடத்திவிட்டு வந்து, சரி என்றாள். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

"ஆனா அவங்க பக்கத்துலயும் ஒரு நிபந்தனை உண்டு," என்றான். "வண்டுங்க அந்த வரிசையை விட்டு வெளிய வரக் கூடாது. உள்ள இருக்கிறதை நான் தொட மாட்டேன். கயித்தைத் தாண்டுனது எல்லாம் ஜாடிக்குள்ள."

ஜோசி கொஞ்ச நேரம் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. உள்ளங்கையில் துப்பிக் கையை நீட்டினாள். அவள் தாத்தா அப்படித்தான் செய்வாராம். லூசியனும் தன் கையில் துப்பிக்கொண்டு குலுக்கினான்.

பிள்ளைகள் முளையடித்துக் கயிறு கட்டினார்கள். பலகையில் 'வண்டுகளின் வரிசை, தொடாதே' என்று பச்சைச் சாயத்தில் எழுதி நட்டார்கள். அப்புறம் மற்ற வரிசைகளில் புகுந்து பொறுக்கித் தள்ளிவிட்டார்கள்.

மத்தியானம் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே லூசியன் இதைப் பெருமையாகச் சொன்னான். மார்செல்லா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திங்கிறதுக்கு இலை இருக்கிற வரைக்கும்தான் அதுங்க அங்க இருக்கும். தீர்ந்தா தாண்டும்னு உனக்குத் தெரியும்தானே?"

"பார்க்கலாம்."

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? குழந்தை தலையில மொளகா அரைச்சிருக்கே."

கெட்ட பூச்சி கிடையாது என்று சொல்லி இதை ஆரம்பித்து வைத்ததே நீதான் என்று அவன் திருப்பினான். தான் சொன்னது உண்மை, அவன் சொன்னது அப்படியில்லை, அதுதான் வித்தியாசம் என்றாள் மார்செல்லா. பிள்ளையிடம் அதைச் சொல்ல வேண்டியவன் அவன்தான், தான் வாயைத் திறக்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். லூசியனுக்கு அன்று சூப்பில் உப்பு குறைவாகத்தான் இருந்தது.

அவன் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் சொல்லலாம் என்று நினைத்தான். செவ்வாய்க்கிழமை ஜோசி வந்ததும் வராததுமாகக் கயிற்றருகே ஓடிப்போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். வண்டுகளுக்குப் பெயர் வைத்திருந்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே, எதை எப்படி அடையாளம் தெரியும் என்று அவன் கேட்டதற்கு, "அவங்களுக்கு அவங்க பேர் தெரியும், அது போதும்," என்றாள். அப்படிச் சொல்கிறவளிடம் எதைச் சொல்வது. வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

ஜூலை நடுவில் அந்த வரிசை பார்க்கச் சகிக்கவில்லை. மற்ற வரிசைகளில் வெள்ளைப் பூ. இதில் இலை ஓட்டையாகி, ஓட்டையே இலையாகி, கடைசியில் தண்டு மட்டும் நின்றது. ஆல்பன் டிராக்டரை நிறுத்தி வேலியோரம் வந்து, களை பொசுக்கும் தீக்குழாயை எடுத்து விடியற்காலையில் ஒரு இழுப்பு இழுத்தால் கதை முடிந்தது, பிள்ளைகளிடம் வண்டுகள் குடிபெயர்ந்துவிட்டன என்று சொல்லிவிடலாமே என்றான். லூசியன் மாட்டேன் என்றான். கொடுத்த வார்த்தையில் தன் பாதியையாவது ஒழுங்காகக் காப்பாற்றுகிறோம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

அடுத்த முறை பிள்ளைகள் வந்தபோது வண்டுகள் கயிற்றுக்கு அடியில் நடந்து வந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, திருவிழாக் கூட்டம். மற்றவர்கள் ஜாடியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. ஜோசி மட்டும் மண்டியிட்டு, தாண்டிய வண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தித் திரும்ப உள்ளே கொண்டுபோய் மொட்டைத் தண்டில் ஏற்றினாள். அது இறங்கி மறுபடி நடந்தது. மறுபடி ஏற்றினாள். "தாண்டாதீங்க, சொன்னேன் இல்ல," என்று அடிக்குரலில் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். மார்செல்லா புளூபெர்ரி கேக்கை அறுத்து எல்லோரையும் கூப்பிட்டாள். ஜோசி எழுந்து போகவில்லை.

லூசியன் பக்கத்து வரிசையில் களையெடுப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான். ஒரு களையும் வரவில்லை.

கடைசியில் ஜோசி எழுந்தாள். முட்டியெல்லாம் மண், கண் சிவந்திருந்தது. நேராக அவனிடம் வந்து கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு ஜாடி குடுங்க. அவங்க ஒப்பந்தத்தை மீறிட்டாங்க."

அவளுக்கு வண்டுகள்மேல்தான் கோபம். அதுதான் அவனைக் கொன்றது. ஜாடியைக் கொடுத்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. வயல் தப்பிக்கும், பிள்ளைகளும் இனித் தகராறு செய்யாமல் பொறுக்குவார்கள். அவன் போட்ட கணக்கு அப்படியே பலித்திருந்தது. லூசியன் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், கொடுக்க மனம் வரவில்லை.

"அவங்க மீறல, ஜோசி," என்றான். "இலை தீர்ந்தா தாண்டும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் உன் கையைக் குலுக்குனேன்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். லூசியனின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் இப்படிப் பேய்முழி முழிக்க வேண்டியிருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

"அப்ப அது ஒப்பந்தமே இல்ல," என்றாள்.

"இல்லதான்."

"எங்கம்மாகிட்ட யாராவது இப்படிப் பண்ணுனா, மறுபடி மொதல்லேருந்து பேசணும்னு உக்கார வெப்பாங்க."

லூசியன் வலிக்கிற முழங்காலை மடக்கி, அங்கேயே மண்ணில் உட்கார்ந்தான். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். சற்றுத் தள்ளி, கேக்கும் கையுமாக மற்றத் தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். இந்த முறை அவன் சுற்றி வளைக்கவில்லை. வண்டுகளுக்கு வரிசை கொடுக்க முடியாது என்றான். மார்செல்லா சொன்னது சரிதான், அதுகள் கெட்டதில்லை, அதுகளுக்குப் பசி. தனக்கும் பசிக்கும், கிழங்கு வாங்குகிறவர்களுக்கும் பசிக்கும், ரெண்டு பேருக்கும் போதுமான இலை இந்த வயலில் இல்லை. அதனால்தான் அவன் அவற்றைக் கொல்கிறான். சந்தோஷமாகச் செய்வதில்லை, ஆனால் செய்கிறான்.

ஜோசி மண்ணில் விரலால் கோடு போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். அந்தக் கடைசி வரிசையைப் பிள்ளைகள் தொட மாட்டார்கள். அவனேதான் பொறுக்க வேண்டும், எல்லோரும் பார்க்க. ஒவ்வொரு வண்டிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒவ்வொன்றிடமுமா, அப்படியென்றால் கிறிஸ்துமஸ் வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று லூசியன் மன்றாடினான். கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மன்னிப்பு, ஆனால் சத்தமாக, தொப்பியைக் கழற்றிவிட்டு என்று முடிவானது. அவன் உள்ளங்கையில் துப்பிக் கையை நீட்டினான். ஜோசி தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கை அப்புறம். மொதல்ல செய்ங்க."

லூசியன் தொப்பியைக் கழற்றினான். மொட்டைத் தண்டுகளுக்கு முன்னால் நின்று, வயல் முழுக்கக் கேட்கிற குரலில், "வண்டுகளே, உங்களை ஏமாத்துனேன். தப்புதான். மன்னிச்சிருங்க," என்றான். வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் சத்தம் நின்றிருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். ஆல்பன் இருக்கையில் எழுந்து நின்று, வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிப் பேர் லூசியனிடம் வண்டுகளின் சுகம் விசாரித்தார்கள்.

குனிந்து குனிந்து அந்த வரிசையைப் பொறுக்கி முடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜோசி கூடவே நடந்து ஜாடியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கை கொடுக்கவில்லை. அடுத்த வாரமும் கொடுக்கவில்லை. வந்தாள், பொறுக்கினாள், மிஸ்டர் லூ என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். அந்த மரியாதைதான் அவனுக்கு உறுத்தியது. கோடை முடிந்து பிள்ளைகள் வருவது நின்றபோது, வயல் நன்றாக இருக்கிறது என்று மார்செல்லா சொன்னாள். லூசியன் தேவதாரு மரங்கள் பக்கம் பார்த்தான்.

செப்டம்பரில் பள்ளி மூடிய முதல் சனிக்கிழமை, தோண்ட உதவிக்கு வந்தவர்களில் அவளும் இருந்தாள். முன்பற்கள் பாதி முளைத்திருந்தன. நல்ல விளைச்சல். ஒவ்வொரு வரிசையிலும் கை நிறையக் கிழங்கு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பை கொடுத்து, பிடித்ததைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள் மார்செல்லா. எல்லோரும் பெரியதாகத் தேடினார்கள். ஜோசி மண்வெட்டியை இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள்.

அங்கே ஒன்றும் இருக்காது என்று லூசியன் பின்னாலேயே போய்ச் சொன்னான். இருந்தது. மண்ணைக் கிளறினால் கோலிக்குண்டு அளவில், அதைவிடச் சின்னதாக, தோல் மெழுகுபோல் பளபளவென்று கிழங்குகள். இரண்டு பேரும் மண்டியிட்டு ஒன்று விடாமல் பொறுக்கினார்கள். முழு வரிசைக்கும் சேர்த்து அவனுடைய தொப்பி நிறையக்கூட இல்லை.

"இது அவங்க விட்டு வெச்சது," என்றாள் ஜோசி. பைக்குள் போடவில்லை. இங்கேயே சாப்பிட வேண்டும் என்றாள்.

மார்செல்லா வேக வைத்து, உப்பும் வெண்ணெயும் போட்டு, ஒரே கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டிப் பலகையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து ஆளுக்கொன்றாக எடுத்துத் தின்றார்கள். லூசியன் தன் வாழ்நாளில் எத்தனையோ டன் உருளைக்கிழங்கு விளைவித்தவன். இத்தனை ருசியாக ஒன்றையும் தின்றதில்லை, அதைச் சொல்லவும் செய்தான்.

ஜோசி தலையாட்டினாள். கடைசிக் கிழங்கையும் எடுத்துத் தின்றாள். பிறகு வெண்ணெய் வழிந்த வலது கையைத் திருப்பிப் பார்த்து, உள்ளங்கையில் ஒரு துப்புத் துப்பி, அவன் முன்னால் நீட்டினாள்.

லூசியன் தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவசரமாகத் துப்பினான்.