எலுமிச்சை அளவு பலூன்

மனிதர்கள் துணிந்து முடிவெடுக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. திருச்சியில் ஒரு கல்லூரி மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். வருகிறவர் தலையில் கம்பிகள் கோத்த தொப்பியை மாட்டி, மூளையலைகளைப் பதிவு செய்வோம். எதிரே திரையில் ஒரு பலூன். பட்டனை அமுக்க அமுக்க அது பெரிதாகும், புள்ளிகளும் ஏறும். வெடித்தால் எல்லாம் போச்சு. எங்கே நிறுத்துவது என்பது அவரவர் துணிச்சல்.

துணிச்சலைப் பற்றி இவ்வளவு படித்த நான், ஸ்ரீரங்கத்தில் பஸ் கூட்டமாக வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற ஆள். கூட ஆராய்ச்சி செய்யும் பெனிட்டாவை எனக்குப் பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை. எங்கள் வீடு கோயிலை ஒட்டிய சித்திரை வீதியில். அவள் வீட்டில் ஞாயிறு தவறாமல் சர்ச். சொல்லாமலிருக்க இந்தக் காரணம் எனக்கு வசதியாக இருந்தது.

ஒருநாள் வரவேண்டியவர் வரவில்லை. கருவியைச் சோதிப்பதற்காகப் பெனிட்டா என்னை உட்காரவைத்து, தொப்பியை மாட்டி, சிக்னல் தெளிவாக வர முடிக்குள் பசையைப் பிதுக்கினாள். ஒவ்வொரு பலூனையும் எலுமிச்சை அளவு வந்ததும் நிறுத்திவிட்டேன். பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, பெங்களூரில் வேலை கிடைத்திருப்பதாகவும் அடுத்த மாதம் கிளம்புவதாகவும் சொன்னாள்.

என் அலைகள் எகிறின.

"பல்லைக் கடிக்காத மது, சிக்னல் கெட்டுப்போகுது."

"உன்னைக் கல்யாணம் பண்ணிக்கணும்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

அவள் பதிவை நிறுத்தினாள். "இதைச் சொல்ல உனக்குத் தொப்பி மாட்டணுமா? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அப்பாகிட்ட நீயே பேசு."

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் அப்பா அடைக்கலராஜ் எதிரே உட்கார்ந்து, பஸ் வசதி, வெயில், காவிரியில் தண்ணீர் என்று எதையெதையோ பேசினேன். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டரான அவர் பொறுமையாகத் தலையாட்டினார். கடைசியில் பெனிட்டாதான் விஷயத்தைச் சொல்லும்படி அதட்டினாள். சொன்னேன்.

"உங்க வீட்டுல தெரியுமா தம்பி?"

"தெரியாதுங்க."

"அங்க சொல்லிட்டு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. எங்களுக்குச் சம்மதம்தான். இப்ப சாப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமையில் அந்த வீட்டில் கறி இல்லை, மீன் இல்லை. எனக்காகச் சாம்பார் வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன்.  மறுநாள் மதியம் அம்மா, இப்படியொரு பயந்தாங்கொள்ளியிடம் அந்தப் பெண் எதைக் கண்டாள் என்று கேட்டாள்.  அதை அவளிடமே நேரில் கேட்டுக்கொள்வதாகச் சொல்லி, புடவை மாற்றிக்கொள்ள உள்ளே போனாள்.