இடது பக்க ஸ்டாப்பர்

ஆறுமுகநயினாரின் பட்டறையில், வாடிக்கைக்காரர் நிற்கும்போது வேலைக்காரன் வாய் திறப்பதில்லை. எவரும் எழுதி ஒட்டாத விதி அது. புதிதாகச் சேர்ந்தவனுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதுமில்லை, இரண்டாம் நாளே அவனுக்குத் தானாகப் புரிந்துவிடும். வந்தவர் அவன் முகத்தைப் பார்த்தே கேட்டாலும் அவன் குமாஸ்தாவின் பக்கம் திரும்புவான். மாதுங்காவிலிருந்து தினமும் வந்துபோகும் குமாஸ்தா சந்திரமௌலி பதில் சொல்வார். தாராவிச் சந்துகளில் இந்தியிலேயே சண்டையும் சமாதானமும் பேசத் தெரிந்தவர்கள், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஊமைகளாக இருந்தார்கள்.

1949 மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்தப் பட்டறை செம்பூருக்கு வந்திருந்தது. அகதிகள் முகாமைத் தாண்டிய புல்வெளியில் ஒரு டிராக்டர். அதன் பக்கத்தில் குமாஸ்தாவும் பிட்டர் வெயிலுமுத்துவும். எதிரில் ஜுன்னரிலிருந்து வந்திருந்த கரும்பு விவசாயி பாட்டீலும் அவருடைய ஓட்டுநர் ராகோவும்.

அமெரிக்காவில் செய்யப்பட்ட அந்த வண்டிக்கு முன்சக்கரங்கள் இரண்டும் மூக்குக்கு அடியில் நெருக்கமாக ஒட்டியிருந்தன. தட்டையான நிலத்துக்கு அது போதும். பாட்டீலின் நிலத்தில் வரப்பும் வாய்க்கால் கரையும் அதிகம். சென்ற மழையில் கரையோரம் அது கவிழ்ந்து, ஓட்டியவன் அடியில் நசுங்கினான். அதனால்தான் பாட்டீல் அகலமான முன்னச்சு ஒன்றைப் பொருத்தித் தரும்படி பட்டறைக்கு அனுப்பியிருந்தார். இப்போது சக்கரங்கள் இருபுறமும் விலகி, வண்டி கால்களை அகட்டி நின்றது.

"எருமை மாதிரி நிற்கிறது," என்றார் பாட்டீல் திருப்தியோடு. அவர் பம்பாய் இந்தியில்தான் பேசினார். "ராகோ, இனிமேல் நீ தூங்கிக்கொண்டே ஓட்டலாம்."

"இப்போது மட்டும் என்ன செய்கிறேன், சாகேப்?" என்றான் ராகோ.

பாட்டீல் சிரித்தார். சந்திரமௌலியும் சிரித்தார். வெயிலுமுத்து சிரிக்கவில்லை. அகலத்தைப் பார்த்து நம்புகிறவர்கள் அறியாத ஒன்றை அவன் அறிந்திருந்தான். அந்த நீண்ட அச்சு வண்டியோடு இறுகப் பிணைந்ததன்று. நடுவில் ஒரே ஒரு தடித்த ஊசியில், தராசுக் கோல் போல ஆடிக்கொண்டிருப்பது. மேடுபள்ளத்தில் சக்கரம் ஏறியிறங்க அந்த ஆட்டம் வேண்டும். ஆனால் வண்டி ஓர் அளவுக்குமேல் சாயும்போது, அச்சின்மேல் இருபுறமும் பற்றவைத்த இரும்புக் கட்டிகள் சட்டத்தில் முட்டி அதைத் தாங்க வேண்டும். ஸ்டாப்பர் என்று அவற்றுக்குப் பெயர். அவை முட்டும் கணத்தில்தான் அச்சின் அகலத்துக்கு அர்த்தம் வருகிறது. அவை இல்லையென்றால் அகலம் வெறும் தோற்றம். வண்டி பழைய வண்டிதான்.

இடது பக்கத்தில் அது இல்லை.

நேற்று மாலை, தீர்ந்துகொண்டிருந்த வாயுவின் மெலிந்த சுடரில் அதைப் பற்றவைத்தவன் அவனே. ஆறிய பிறகு சுத்தியலால் லேசாகத் தட்டினான்; கட்டி கழன்று காலடியில் விழுந்தது. வாயு உண்டாக்கும் கார்பைடு கடையிலும் இல்லை. முதலாளி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கு வச்சு ஒட்டி வர்ணத்த அடிச்சிருடே. சமதரையில ஓட்டிக் காட்டுததுக்கு ஸ்டாப்பர் என்னத்துக்கு? கார்பைடு வரவும் ஒழுங்காப் பத்தவச்சு அனுப்புவோம்." பாட்டீலுக்குப் பிடித்துவிட்டால் அவருடைய தாலுகாவிலிருந்து இன்னும் ஒன்பது டிராக்டர்கள் வரும், மழைவரை பட்டறைக்கு வேலை உண்டு. வெயிலுமுத்து மக்குப் பசையைக் குழைத்துக் கட்டியை ஒட்டினான். சிவப்பு வர்ணமும் அடித்தான். அவனும் மனைவி பேராச்சியும் குடியிருந்த குடிசை முதலாளியின் இடத்தில்தான் இருந்தது.

சமதரையில் ராகோ இரண்டு சுற்று ஓட்டினான். குறையேதும் தெரியவில்லை. அப்போது பாட்டீல் கையை நீட்டி, புல்வெளியின் ஓரத்தில் எழும்பிய குன்றின் சரிவைக் காட்டினார்.

"அங்கே ஓட்டட்டும். குறுக்காக."

சந்திரமௌலியின் முகத்திலிருந்த புன்னகை அப்படியே நின்றது. அதை மாற்றாமலே அவர் தமிழில் சொன்னார்: "வெயிலுமுத்து, என்ன பண்றது? சீக்கிரம் சொல்லு."

"வேண்டாம்னு சொல்லுங்க, சாமி."

"எப்படிச் சொல்றது? எந்தச் சரிவிலயும் கவிழாதுன்னு லெட்டர் அடிச்சவன் நானாக்கும். கையெழுத்தும் என்னோடது."

வெயிலுமுத்து சரிவை அளந்தான். "அப்பம் ஒண்ணு செய்யலாம். மேடு அவனுக்கு இடக்கைப் பக்கம் இருக்கணும். வண்டி வலப்பக்கமாச் சாயும். வலது ஸ்டாப்பர் உள்ளதாக்கும், தாங்கிக்கிடும். நான் பொறுப்பு."

"நிச்சயமா?"

"வலதுக்கு நிச்சயம்."

சந்திரமௌலி பாட்டீலிடம் திரும்பி, மேடு இடக்கைப் பக்கம் வரும் தெற்குத் திசையைக் காட்டி, அப்படி ஓட்டினால் வெயில் கண்ணில் படாது என்று இந்தியில் விளக்கினார். பாட்டீல் தலையசைத்தார்.

டிராக்டர் சரிவில் ஏறிக் குறுக்கே நகர்ந்தது. பின்சக்கரங்களில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, உடல் வலப்புறம் சாயத் தொடங்கியது. ராகோவின் தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்தது. எஞ்சினின் இரைச்சலுக்கு உள்ளே வேறொரு சத்தத்துக்காக வெயிலுமுத்து காத்திருந்தான். வண்டி மேலும் சாய்ந்தது. ராகோ இடப்புறமாக ஒதுங்கி உட்கார்ந்தான். பிறகு, இரும்பில் இரும்பு முட்டும் கனத்த ஓசை கேட்டது, சாய்வு நின்றது. வண்டி அந்த நிலையிலேயே சரிவைக் கடந்து, மறுகோடியில் சமதரைக்கு இறங்கியது.

சந்திரமௌலி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என் வயித்தில பாலை வார்த்தே," என்றார் மெதுவாக.

"சபாஷ்," என்றார் பாட்டீல். இரு கைகளையும் வாயருகே குவித்து ராகோவை நோக்கிக் கூவினார்: "அதே வழியாகத் திரும்பி வா."

திரும்பி வரும்போது மேடு வலக்கைப் பக்கம் இருக்கும். வண்டி இடப்புறம் சாயும்.

"சாமி."

"தெரியறது." சந்திரமௌலி பாட்டீலின் அருகே சென்றார். "போதும், சேட். எஞ்சின் புதிதாகத் திறந்து மூட்டியது; சூடேறியிருக்கும். ஆறட்டும்."

"தண்ணீர் கொதிக்கவில்லை. ஆவி எங்கே?" பாட்டீல் அவரைப் புருவம் சுருக்கிப் பார்த்தார். "செத்துப்போனவன் திரும்பி வரும்போதுதான் செத்தான், பாபு. போனதைப் பார்த்துவிட்டேன். வருவதையும் பார்க்க வேண்டும்."

மறுகோடியில் டிராக்டர் மெல்ல வட்டமடித்துத் திரும்பியது.

"சொல்லுங்க, சாமி," என்றான் வெயிலுமுத்து. அவன் குரலை உயர்த்தவில்லை. விலை பேசுகிறவனைப் போலவே நின்றான். "ஸ்டாப்பர் இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொன்னா ஒம்பது வண்டியும் போச்சு. முதலாளி உன்னையும் விடமாட்டார், என்னையும் விடமாட்டார்."

"அவம் அடியில போயிருவான்."

"போகணும்னு என்ன? போன தடவை நன்னா சமாளிச்சானே. சரிவும் அத்தனை மோசமில்லை. நீ என்ன எஞ்சினீயரா?"

"சத்தம் கேட்டியள்லா? அந்தச் சத்தம் இந்தப் பக்கம் வராது. சாஞ்சது சாஞ்சிக்கிட்டே போவும்."

"பேசாம இரு. அவர் பார்க்கிறார்."

பாட்டீல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தமக்குப் புரியாத மொழியில் நடந்த அந்த அமைதியான உரையாடலை, பொருள் செய்தவர்களின் பெருமிதப் பேச்சென்று எண்ணினார் போலும். வெயிலுமுத்துவை நோக்கி இணக்கமாகப் புன்னகைத்தார்.

டிராக்டர் சரிவில் ஏறியது. முதல் ஓட்டம் தந்த துணிவில் ராகோ முன்னைவிடச் சற்று உயரத்திலேயே குறுக்கே திரும்பினான். ஒரு கையை விட்டுத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கீழே நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

வெயிலுமுத்து சந்திரமௌலியை ஒருமுறை பார்த்தான். குமாஸ்தா தம் செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேராச்சி இந்நேரம் குழாயடியில் நிற்பாள் என்ற நினைவு அவனுக்குள் வந்தது. அது முடிவதற்குள் அவன் ஓடத் தொடங்கியிருந்தான்.

புல் வழுக்கியது. ஒருமுறை கைகளை ஊன்றி எழுந்தான். சரிவின் குறுக்கே, டிராக்டரின் மூக்குக்கு நேர் எதிரே போய் இரு கைகளையும் விரித்து நின்றான். ராகோ கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே பிரேக்கை மிதித்தான். வண்டி குலுங்கி நின்றது. கீழ்ப்பக்கச் சக்கரத்தின் அடியில் மண் பெயர்ந்து உருண்டது. சட்டத்துக்கும் மக்கு வைத்து ஒட்டிய கட்டிக்கும் இடையே இடப்புறத்தில் இன்னும் இரண்டு விரல் அளவே இடைவெளி இருந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்றான் ராகோ.

"நீசே உதர்," என்றான் வெயிலுமுத்து. கீழே இறங்கு. பட்டறைக்கு வெளியே ஆயிரம் முறை பேசிய இந்தி, இப்போது அவன் நாவில் கல்லைப் போலப் புரண்டது. "மேல் பக்கமா. இந்தப் பக்கம் இல்லை. மெதுவா."

அந்தக் குரலில் இருந்தது எதுவோ, ராகோ மறுபேச்சின்றி எஞ்சினை அணைத்தான். மேட்டுப் பக்கமாகக் காலை ஊன்றி இறங்கினான்.

பாட்டீல் மூச்சிரைக்கச் சரிவில் ஏறி வந்தார். பின்னால் வந்த சந்திரமௌலியின் முகம் வெளிறியிருந்தது. பாட்டீல் வெயிலுமுத்துவைப் பார்த்தார். பிறகு, பட்டறையில் பழகிய வழக்கப்படி, குமாஸ்தாவிடம் திரும்பினார்.

"என்ன சொல்கிறான் இவன்?"

"ஒன்றுமில்லை, சேட். இவன் கொஞ்சம் பயந்த சுபாவம்..." என்று சந்திரமௌலி தொடங்கினார்.

"அவரைக் கேட்காதே, சேட்," என்றான் வெயிலுமுத்து, அந்த உடைந்த இந்தியில், பாட்டீலின் கண்களைப் பார்த்து. "என்னைக் கேள். இந்தப் பக்கம் ஸ்டாப்பர் இல்லை. நேற்று விழுந்துவிட்டது. இங்கே இருப்பது மக்கு. மேலே வர்ணம். ஒட்டினது நான்."