ஆளுக்கு மூன்று சவர்க்காரம்

கல்முனைப் பிரதான வீதியில் அந்த மலிவு விலைப் பேரங்காடி திறந்ததிலிருந்து காலிதீனின் பலசரக்குக் கடைக்கு ஈக்கள் மட்டும்தான் ஒழுங்காக வந்துபோயின. முன்பெல்லாம் சலாம் சொல்லாமல் கடக்காத வாடிக்கைக்காரர்கள்கூட இப்போது எதிர்ப்பக்க மதிலை உற்றுப் பார்த்துக்கொண்டே போனார்கள். கையிலிருந்த பேரங்காடியின் மஞ்சள் பை அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

அங்கே என்னதான் விற்கிறார்கள் என்று ஒருக்காப் போய்ப் பார்த்துவரும்படி மனைவி றாபியா பிடரியில் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். காலிதீன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு போனார்.

வாசலில் சீருடையுடன் நின்று எல்லோரையும் குனிந்து வரவேற்றவள் சிபானா. போன வருசம்வரை அவரை அண்ணன் முறை சொல்லி அழைத்துக்கொண்டு, அவருடைய கடையில் சீனி நிறுத்துக் கட்டியவள்.

“காக்கா, மூஞ்ச மூடிக்கிட்டு எங்க போறீங்க?”

தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று சமாளித்தார். வேலை எப்படி என்று கேட்டார். காலையிலிருந்து நிற்பதாகவும், உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் கமெராவில் பார்த்துவிடுவார் என்றும் சிரித்த முகம் மாறாமல் முணுமுணுத்தாள். சிரிப்பும் வேலையில் சேர்த்தி.

உள்ளே குளிக்கிற சவர்க்காரத்தின் விலையைப் பார்த்ததும் காலிதீனுக்கு உண்மையாகவே காய்ச்சல் வரும்போலிருந்தது. கடைக்கு வரும் கம்பனி வான் வண்டியில் அவர் மொத்தமாக எடுக்கும் விலையைவிட அது குறைவு. இங்கே வாங்கித் தன் கடையில் விற்றால் என்ன? தள்ளுவண்டியை நிரப்பப் போனபோதுதான் அறிவித்தல் கண்ணில் பட்டது: ஒருவருக்கு மூன்று மட்டும்.

திரும்பினால், கோதுமை மா அடுக்குக்குப் பின்னால் ஆதம்பாவா மாஸ்டர் பதுங்கியிருந்தார். தேயிலைப் பக்கம் பெரியநீலாவணைச் செல்லத்தங்கம். இன்னும் நாலைந்து பழைய வாடிக்கை முகங்கள். சும்மா ஏசிக் குளிர் வாங்க வந்ததாக மாஸ்டர் சொன்னார். செல்லத்தங்கம் மகளைத் தேடி வந்தாளாம்.

காலிதீன் முகக்கவசத்தைக் கழற்றினார்.

“எனக்கு ஆரோடயும் கோவமில்ல. ஆளுக்கு மூண்டு சவுக்காரம் எடுத்து என்ட கடையில தந்திட்டுப் போங்க. காசு நான் தாறன்.”

வெட்கத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. மாஸ்டர் தன் சம்பந்தியையும் இழுத்துவந்து வரிசையில் சேர்த்தார். சவர்க்காரம் ஏந்திய அந்த ஊர்வலத்தைக் கண்ட மேற்பார்வையாளர், ஊரில் ஏதோ தொற்று பரவுவதாக நினைத்து, அவசரமாகத் தானும் ஒரு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

பின்னேரம் காலிதீனின் கடை நிறைந்தது. சவர்க்காரம் கொடுக்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு கருவாடும் தேங்காயும் வாங்கினார்கள். இடைவேளையில் ஓடிவந்த சிபானா மா மூட்டையில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, கால்விரல்களை அசைத்துப் பார்த்தாள். றாபியா கேட்காமலே தேத்தண்ணி கொடுத்தாள். திரும்பி வருகிறாயா என்று கேட்கக் காலிதீனுக்கு வாய்வரை வந்தது. அந்தச் சம்பளம் தன்னால் இயலாது என்பதால் பிஸ்கட்டை நீட்டினார்.

மறுநாள் சவர்க்காரக் கம்பனி வான் வந்தது. முகவர் முஸ்தாக், அடுக்கில் ஒட்டியிருந்த விலையைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“கம்பனியில வேல செய்யிற எனக்கே இந்த விலைக்குத் தாறாங்க இல்ல, காக்கா.”

சொல்லிவிட்டு வானைப் பூட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்கென்று ஆறு சவர்க்காரம் வாங்கிப் போனார்.