ஐந்தில் கிழிக்காத ராதொவான்

தான்யூப் நதிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஜூலை பிறந்துவிட்டால் ராதொவானைக் கையில் பிடிக்க முடியாது. குடிநீர் அலுவலகத்தில் கிடைக்கும் விடுப்பையெல்லாம் கோட்டை முற்றத்துத் திருவிழாவுக்கென்றே சேர்த்து வைப்பார். வாரம் முழுக்கத் திறந்தவெளியில் படங்கள். கடைசி மாலை உள்ளூர்க்காரர்களின் நாடகம். மழை பெய்தாலும் மனிதர் எழுந்திருக்க மாட்டார். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்குத் திரை மறைக்குமே என்று பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சூரியகாந்தி விதையைக்கூட ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள்தான் கொறிப்பார். சினிமாமேல் இப்படி உயிரை வைத்திருக்கும் ஆளைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

ஆனால் ஓட்டு விஷயத்தில் படு கறார். எங்கள் திருவிழாவில் நுழைவுச்சீட்டுதான் ஓட்டு. அதன் ஓரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை அச்சிட்டிருக்கும். பிடித்த அளவுக்கு ஏற்ற எண்ணில் கிழித்து, வெளியே போகும்போது பெட்டியில் போட வேண்டும். கிழிக்காத சீட்டு செல்லாது. ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டு ஐந்தில் கிழித்த படத்துக்கும் ராதொவான் மூன்றுதான் கிழித்தார். வாழ்நாளில் அவர் ஐந்தைத் தொட்டதில்லை. நாடகம் என்றால் இரண்டைத் தாண்டுவதே அபூர்வம். “முகமே தெரியல, என்னத்தப் பாக்குறது?” என்பார்.

இந்த வருடம் நாடகத்தில் அவர் மனைவி தெசாங்கா நடிக்கிறாள். பல் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதல் முறையாக மேடை ஏறுகிறாள்.

நாடகத்தன்று காலையில் காப்பியைக் கலக்கியபடி சொன்னாள்: “இங்க பாரு, பொண்டாட்டின்னு பாவம் பாத்து அஞ்சுல கிழிச்சே, உன்னோட பேசவே மாட்டேன். மூணுன்னா மூணுதான்.”

“ரெண்டுன்னா?”

“ரெண்டுன்னா ராத்திரி சோறு நீயே ஆக்கிக்க.”

சிரித்தாள், ஆனால் கலக்கி முடித்த காப்பியையே மறுபடி கலக்கினாள். அவள் கேட்பது அவருடைய உண்மையான ஓட்டைத்தான் என்பது ராதொவானுக்குப் புரிந்தது. பொய்யாகக் கிழிக்க அவருக்கு வராது. நன்றாக இல்லாவிட்டால் என்ன செய்வது?

மாலையில் கோட்டை வாசலில் ஓட்டுப் பெட்டியோடு நின்ற நண்பன் ஒஸ்தோயா விடுவானா? “என்னய்யா, இன்னிக்கு வசமா மாட்டிக்கிட்டியா! மூணு கிழிச்சா வீட்ல இடமில்ல, அஞ்சு கிழிச்சா ஊர்ல மதிப்பில்ல.”

“வாய மூடிக்கிட்டு பெட்டியப் பாருடா” என்று ராதொவான் ஏழாவது வரிசைக்குப் போனார்.

தெசாங்காவுக்கு வசனமே இல்லை. திரும்பி வராத மகனுக்காகச் சாப்பாட்டு மேசை போடும் தாய் அவள். தட்டை வைத்தாள். கரண்டியை வைத்தாள். ரொட்டியை வெட்டினாள். ஒரு துண்டு அதிகமாக வெட்டிவிட்டதைப் பார்த்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். ஏழாவது வரிசையிலிருந்து ராதொவானுக்கு அந்த முகம் திரை முழுக்க நிறைந்ததுபோல் தெரிந்தது. தினமும் தன் வீட்டில் ரொட்டி வெட்டும் கைதான். இருந்தும் யாரோ ஒரு தாய் அங்கே தனியாக நிற்பதாகவே அவருக்குப் பட்டது. அந்தத் துண்டை எழுந்து போய் வாங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது.

விளக்குகள் எரிந்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கை தட்டியவர் அவர்தான். கூட்டம் கலைந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் தெசாங்கா ஓடி வந்தாள். “என்ன கிழிச்ச?”

ராதொவான் கையை விரித்தார். வியர்வையில் கசங்கிய சீட்டு, முழுசாக இருந்தது.

“ஐயய்யோ, கிழிக்க மறந்துட்டேன்!” வாசலைப் பார்த்தார். ஒஸ்தோயா பெட்டியை எப்போதோ தூக்கிக்கொண்டு போயிருந்தான். “இரு, ஓடிப் போயி…”

அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “இத்தன வருசத்துல, ஒரு படத்துக்காவது மறந்திருக்கியா?”

யோசித்துப் பார்த்தார். “இல்லியே.”

“அப்ப எங்கயும் ஓட வேணாம்” என்று சீட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பையை இறுக மூடினாள்.