கன்னி மசோதா

சபைக்குப் புதிதாக வந்தவர் தன் முதல் மசோதாவோடு எழுந்து நின்றால் அதை லேசில் விட்டுவிடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கோணல் கேள்வியாகக் கேட்டு வியர்க்க வைப்பார்கள். ஓட்டுப் போடும் நேரம் வந்ததும் கட்சி பேதமில்லாமல் எல்லாரும் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். சுவரிலிருக்கும் பெரிய பலகை முழுக்கச் சிவப்பு விளக்கு எரியும். புது ஆளின் முகம் செத்துப்போவதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராகப் பச்சைக்கு மாற்றுவார்கள். அப்புறம் கைதட்டல், கட்டிப்பிடித்தல், அந்தப் புது ஆள் செலவில் எல்லாருக்கும் கேக். பெரிய மனிதர்கள் கூடும் இடத்தில் இப்படி ஒரு சிறுபிள்ளைத்தனமா என்று கேட்கலாம். பெரிய மனிதர்கள் கூடும் இடத்தில்தான் அது அதிகம்.

வெர்னா கோல்ஸ்டாடுக்கு இது முன்கூட்டியே தெரியும். பக்கத்து இருக்கைக்காரி கொரீன் சொல்லி வைத்திருந்தாள். “சிவப்பைப் பார்த்து அழுதுறாதே தாயி. போன தடவை ஒருத்தன் நிஜமாவே அழுதுட்டான், எங்களுக்கே பாவமாப் போச்சு.”

வெர்னா அழுகிற ரகம் இல்லை. கெஸ்ஸிங் ஊர்ப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பதினைந்து வயதுப் பையன்களை முப்பது வருஷம் மேய்த்தவளைச் சட்டமன்ற உறுப்பினர்கள் என்ன செய்துவிட முடியும்? அவள் மசோதா எளிமையானது. எந்த வகுப்புப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று மாநிலம் முழுமைக்கும் தீர்மானித்துப் பரீட்சை வைக்க ஒன்பது பேர் கொண்ட ஆணையம். அதுவரை அந்தந்த ஊர்ப் பள்ளி நிர்வாகக் குழு வைத்ததுதான் சட்டம். ஒரு ஊரில் முதல் மாணவன், அடுத்த ஊரில் தேறவே மாட்டான்.

அவளை இதற்குள் இழுத்துவிட்டது ஜோலீன் ஹௌகன் என்ற பெண். கெஸ்ஸிங் பள்ளியில் அவள்தான் முதல். கால்நடை மருத்துவராக வேண்டும் என்று மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அங்கே ஒரு பரீட்சை வைத்து, நீ கணக்கை ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கெஸ்ஸிங்கில் கணக்கு எடுத்தவர் கூடைப்பந்துப் பயிற்சியாளர். கணக்கு தெரியும் என்பதற்காக அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த ஜோலீன் திரும்பிப் போகவில்லை. இப்போது தானியக் கிடங்கில் லாரிக்கு எடை போடுகிறாள். பல்கலைக்கழகக்காரனுக்குத் திமிர் என்று ஊர் பேசிக்கொண்டது. பயிற்சியாளரின் அணி அந்த வருஷமும் கோப்பை ஜெயித்தது. வெர்னாவுக்குத்தான் வயிறு எரிந்தது.

அன்று எழுந்து நின்றபோது கேள்விகள் வந்தன.

“ஒன்பது பேருன்னு போட்டிருக்கீங்களே டீச்சர், அதுக்கு மேல எண்ண வராதா?”

“கணக்கு வாத்தியார் அமைஞ்சது அப்படி.”

“சட்டமன்ற உறுப்பினருக்கும் இந்தப் பரீட்சை உண்டா?”

“முதல்ல இருந்துச்சு. உங்களை நினைச்சுத்தான் எடுத்துட்டேன்.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டெடுப்பு தொடங்கியது, அவளுடைய ஒற்றைப் பச்சை தவிரப் பலகை முழுக்கச் சிவப்பு. வெர்னா நெஞ்சில் கைவைத்து மயங்குவதுபோல் நடித்தாள்.

சபாநாயகருக்கு அன்று பல்வலி. நாற்காலியில் இருந்தவர் துணைச் சபாநாயகர் லைல் பிராட்லண்ட், அந்தக் கூட்டத்தொடரில்தான் பதவிக்கு வந்தவர். காலையிலிருந்து சில்லறை மசோதாக்களை வரிசையாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்: ஓட்டு, சாவி, அடுத்தது, ஓட்டு, சாவி, அடுத்தது. அவரும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே, கை பழக்கத்தில், சாவியைத் திருப்பிவிட்டார்.

சாவி திரும்பினால் பலகை பூட்டிக்கொள்ளும். அதற்குமேல் ஆண்டவனாலும் ஓட்டை மாற்ற முடியாது. சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. முன்வரிசையில் நின்றது, பிறகு பின்வரிசையில். சிவப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. விளையாட்டு வினையாகிவிட்டது.

“ஐயையோ, நான்...” என்றார் லைல். முகம் பலகை நிறத்துக்கு வந்திருந்தது.

எல்லாரும் வெர்னாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கொரீன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “இதுக்கெல்லாம் வழி இருக்கு. மறுபரிசீலனைத் தீர்மானம்னு ஒண்ணு உண்டு. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்கதான் கொண்டுவரணும், நாளைக்குச் சபை முடியறதுக்குள்ள. நாங்க அத்தனை பேரும் சிவப்புதானே போட்டோம்? காலையில முதல் வேலையா நானே எந்திரிக்கிறேன். போய்த் தூங்கு.”

ஆனால் மாலைச் செய்தியில் வானொலிக்காரன் நகைச்சுவை பார்க்கவில்லை. பாடத்தர ஆணைய மசோதா பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடிக்கப்பட்டது என்று வாசித்தான். யார் யார் எதிர்த்தார்கள் என்று பெயரையும் வாசித்தான்.

வாடகை அறையில் வெர்னா சூப்பைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தபோது கணவன் ஆரின் போன் செய்தான். கெஸ்ஸிங் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவன் அவன்தான். குளிர்காலத்தில் விளையாட்டுப் போட்டிக்குப் புள்ளிப் பலகையும் பார்த்துக்கொள்வான்.

“தோத்துருச்சாமே? கடையில எல்லாரும் என் முதுகைத் தட்டினாங்க. ஆறுதலுக்கா, சந்தோஷத்துலயான்னு தெரியலை.”

“அது விளையாட்டுப்பா. நாளைக்குச் சரியாயிடும்.”

“சரியாயிடுச்சுன்னா... நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“பள்ளிக்கூடத்தை மூடுறதைப் பத்தி மசோதாவுல ஒரு வார்த்தை கிடையாது, ஆரின்.”

அது பொய் இல்லை. வார்த்தை கிடையாதுதான். ஆணையம் தரத்தை வைக்கும். அந்தத் தரத்துக்கு வேதியியல் தெரிந்த ஆசிரியர், கணக்கு தெரிந்த ஆசிரியர், ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டும். கெஸ்ஸிங் போன்ற ஊரால் அது ஆகாது. இரண்டு மூன்று வருஷத்தில் பிள்ளைகளைப் பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டிவரும். வெர்னாவுக்கு இது மசோதா எழுதிய அன்றே தெரியும். தேர்தலின்போது தேவாலய விருந்தில் கேட்டவர்களுக்கும் அவள் இதே பதிலைத்தான் சொன்னாள். கேட்டவர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் காலை கொரீன் அவளைப் பார்க்காமலே கோட்டைக் கழற்றிப் பின்னால் மாட்டினாள். மாட்டிய கோட்டை எடுத்து மறுபடி மாட்டினாள்.

“கொரீன்?”

“நேத்து ராத்திரி ஆறு போன், வெர்னா. எங்க ஊர்ப் பள்ளிக் குழுத் தலைவர் நாலு வருஷமா என்கூடப் பேசலை. நேத்து அந்த மனுஷன் போன் பண்ணி, நீ எங்க மானத்தைக் காப்பாத்திட்டேங்கிறார். அவர் பொண்டாட்டி எனக்கு ரொட்டி சுட்டு அனுப்புறாளாம். நான் எப்படிச் சொல்றது, அது சும்மா விளையாட்டுக்குன்னு?”

“நீ எந்திரிக்கிறேன்னு சொன்னே.”

“வேற யாராவது எந்திரிச்சா நான் கண்டிப்பா பச்சை போடுறேன். சத்தியமா. நானா எந்திரிக்க முடியலை.”

மற்றவர்களும் அப்படித்தான். ஒருவருக்கு அவசரமாக யாரையோ பார்க்கணும். ஒருவர், “அடுத்த வருஷம் இன்னும் நல்லாக் கொண்டு வரலாமே” என்றார். கழுவுற மீனில் நழுவுற மீன்கள். நேற்று வேடிக்கைக்குப் போட்ட ஓட்டு ஊரில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது. வந்த நல்ல பெயரைத் திருப்பிக் கொடுக்கிற அரசியல்வாதி இன்னும் பிறக்கவில்லை. வெர்னாவால் எழ முடியாது. அவள் பச்சை போட்டவள், தோற்ற பக்கம்.

இடைவேளையில் அவள் உணவகத்தின் மூலையில் போய் உட்கார்ந்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. வாழ்க்கையிலேயே இவ்வளவு கோபம் அவளுக்கு வந்ததில்லை. எதிர்த்துத் தோற்கடித்திருந்தால் தாங்கியிருப்பாள். சிரித்துத் தோற்கடித்திருக்கிறார்கள்.

எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஆல்வின் ஸ்ட்ரோ உட்கார்ந்தார். மேற்குக் கோடியில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் கிழவர். கல்விக் குழுவில் அவள் மசோதாவை வரிக்கு வரி எதிர்த்தவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு ஆசாமி.

“நேத்து விளையாட்டுக்கு இல்லாம நிஜமாவே சிவப்பு போட்ட ஆளு நான் ஒருத்தன்தான்” என்றார்.

“தெரியும். சந்தோஷமா?”

“சந்தோஷமா இருந்தா இங்க ஏன் வரேன்? உங்க மசோதாவைக் கொல்லணும்னு மூணு மாசமா யோசிச்சு வச்சிருந்தேம்மா. கேள்வியெல்லாம் தயாரா இருந்துச்சு. இந்தக் கோமாளிப் பசங்க அதைக் கேக்கவே விடாம, கேலி பண்ணியே சாகடிச்சுட்டாங்க. எங்க பக்கம் ஜெயிச்சதுன்னு எப்படிச் சொல்லிக்கிறது?”

வெர்னா காபிக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

“நான் தீர்மானம் கொண்டுவரேன். ஆனா ஒரு கேள்வி கேப்பேன். என்ன கேள்வின்னு உங்களுக்கே தெரியும். குழுவுல ஒரு பதில் சொன்னீங்களே, ‘ஒரு வார்த்தை கிடையாது’ன்னு, அந்த மழுப்பலை இங்க சொல்லாதீங்க. நிஜத்தைச் சொல்லுங்க. அப்புறம் நான் சிவப்புதான் போடுவேன், அதுல மாத்தம் இல்லை.”

“நிஜத்தைச் சொன்னா மறுபடியும் தோக்கும்.”

“தோத்தா ஒழுங்காத் தோக்கட்டும்” என்று கிழவர் எழுந்து போனார்.

மதியம் அவர் எழுந்து தீர்மானத்தைச் சொன்னபோது சபை சட்டென்று நிமிர்ந்தது. மறுபரிசீலனைக்கு வாயால்தான் ஓட்டு. அதில் யார் பெயரும் பதிவாகாது. அதனால் எல்லாருக்கும் தொண்டை திறந்துகொண்டது. கொரீனின் குரல்தான் உரக்கக் கேட்டது. மசோதா உயிரோடு திரும்பி வந்தது.

ஆல்வின் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“கோல்ஸ்டாட் அம்மாவுக்கு ஒரே கேள்வி. என் ஊர்ல பள்ளிக்கூடம் போனா தபால் ஆபீஸ் போகும், அப்புறம் கடை போகும், அப்புறம் பேருதான் மிச்சம் இருக்கும். தலைநகர்ல ஒன்பது பேர் உக்காந்து எங்க பிள்ளைங்களுக்கு என்ன தெரியணும்னு முடிவு பண்ணினா, சின்ன ஊர்ப் பள்ளிக்கூடங்க மூடுமா மூடாதா?”

பார்வையாளர் மாடத்தில் வானொலிக்காரன் நேரடியாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தான். கெஸ்ஸிங் கடையில் வானொலிப் பெட்டி எப்போதும் ஓடும் என்று வெர்னாவுக்குத் தெரியும். பேருந்துக்கு நேரமாகும்வரை ஆரின் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். நாக்கு நுனியில் பழைய பதில் தயாராக இருந்தது. அது சட்டப்படி சரி. அதைச் சொன்னால் ஆல்வினால் ஒன்றும் செய்ய முடியாது.

“மூடும்” என்றாள்.

எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

“எல்லாம் இல்லை. சிலது. எங்க கெஸ்ஸிங் பள்ளிக்கூடம் அதுல ஒண்ணா இருக்கும்னுதான் நினைக்கிறேன். நான் முப்பது வருஷம் வேலை பார்த்த இடம். அது மூடினா எங்க ஊரும் தேயும், ஸ்ட்ரோ ஐயா சொல்றதுல தப்பே இல்லை. ஆனா அந்த ஊரு இருக்கணுங்கிறதுக்காக, அங்க படிச்ச பொண்ணு கிட்ட ‘நீதான் முதல்’னு பொய் சொல்லி அனுப்பினோம். கூட்டல் கழித்தலைத் தாண்டாத கணக்கைக் கொடுத்து, டாக்டராகப் போம்மான்னோம். ஊரைக் காப்பாத்த ஒரு பிள்ளையோட வாழ்க்கையைக் கொடுக்கலாமா? எனக்கு முடியலை. இதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை.”

உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை, கோணல் கேள்வி கேட்கவில்லை.

பலகையில் சிவப்பும் பச்சையும் கலந்து வந்தன. முதலிலிருந்தே ஆதரித்துவந்த இரண்டு பேர் அவள் பதிலைக் கேட்டுச் சிவப்புக்குப் போனார்கள். ஆதரிப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைக்காத சிலர் பச்சைக்கு வந்தார்கள். கொரீன் கண்ணை மூடிக்கொண்டு பச்சையை அழுத்தினாள். லைல் பிராட்லண்ட் சாவியைத் தொடவே பயந்து, “யாராவது மாத்தணுமா? நிஜமா யாரும் இல்லையா? இன்னொரு தடவை யோசிச்சுக்குங்க” என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். கடைசியில் பலகை பூட்டியது. மசோதா மூன்று ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆல்வின் சொன்ன சொல் தவறாமல் சிவப்பு. வெளியே போகும்போது தொப்பியை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

வராந்தாவில் இருந்த தொலைபேசியில் வெர்னா வீட்டுக்கு அழைத்தாள். ஆரின் உடனே எடுத்தான். பேருந்து ஓட்டி முடித்துவிட்டு வந்து தொலைபேசி பக்கத்திலேயே நின்றிருப்பான் போல.

“கேட்டியா?”

“ஊரே கேட்டுது.”

“கோபமா?”

“நீ சொன்னது நிஜம், வெர்னா. ஜோலீன் அப்பாவும் கடையிலதான் இருந்தார். ஒண்ணும் பேசலை, எந்திரிச்சுப் போயிட்டார்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு கேக்கட்டுமா? நேத்து லைல் சாவியைத் திருப்பாம இருந்து, எல்லாம் வழக்கம்போலப் பச்சையாகியிருந்தா, இதை எங்ககிட்ட எப்போ சொல்லியிருப்பே?”

வெர்னாவுக்குச் சொல்லப் பதில்கள் இருந்தன. சரியான நேரம் பார்த்து, ஆணையம் முடிவு செய்த பிறகு, நிச்சயமான பிறகு. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவனிடம் அதில் ஒன்றுகூடச் செல்லாது.

“சொல்லியிருக்க மாட்டேன்” என்றாள்.

“அதான் நானும் நினைச்சேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிவப்புப் பலகைக்கு வராத அழுகை இப்போது வந்தது.

“வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல ஊர்க் கூட்டம் போட்டிருக்காங்க” என்றான் ஆரின். “உன்னை நேர்ல கேக்கணுமாம். வந்துரு. நான் உன் பக்கத்து நாற்காலியிலதான் உக்காருவேன். ஆனா கை தட்ட மாட்டேன்.”