இரண்டு முழ இடைவெளி

பார்த்ததைச் சொன்னால் இவருக்கு ஆகாது, பார்க்காததைச் சொன்னால் எனக்கு ஆகாது. இப்படி நினைத்தபடியே ஜலீலா எதிர்வீட்டுப் படிகளை ஏறினாள்.

கெய்ரோவின் அந்தச் சந்தில் விதவை வஸீலா தன் மாடியில் சந்தின் மேல் நீட்டிப் புதிதாக ஒரு மரப்பின்னல் மாடம் கட்டியிருந்தாள். ஜலீலா வீட்டு மாடத்துக்கும் அதற்கும் இரண்டு முழம்தான் இடைவெளி. பின்னல் வழியே தன் வீட்டுப் பெண்கள் தெரிகிறார்கள் என்று ஜலீலாவின் கணவன் பத்ரான் காஜியிடம் முறையிட்டான். அந்தப்புரத்துக்குள் ஆண்கள் போக முடியாது. அதனால் வழக்குப் போட்ட வீட்டுப் பெண்ணே ஏறிப் பார்த்து, சத்தியம் செய்து சொல்லட்டும் என்றார் காஜி. அவருடைய குமாஸ்தாவும் பத்ரானும் கீழே சந்தில் காத்திருந்தார்கள்.

காலையிலேயே பத்ரான் அவளிடம் சொல்லியிருந்தான். "தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். இடிச்சிடுவாங்க. நம்ம கூடத்துக்கு வர்ற வடகாத்தை முழுசா அவளே குடிக்கிறா."

மாடத்தில் மெத்தைமேல் வஸீலா மூச்சிரைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உச்சிவெயிலில் அவளுக்கு மூச்சு விட வேறு இடம் கிடையாது.

"வாடியம்மா. இடிக்க வந்தியா, தண்ணி குடிக்க வந்தியா?"

"முதல்ல தண்ணி குடு."

பின்னலோரம் காற்றில் குளிர்ந்திருந்த மண்கூஜாவை வஸீலா நீட்டினாள். குடித்துவிட்டு ஜலீலா முட்டிபோட்டு எதிரே பார்த்தாள். தன் மாடத்தில் மகளைச் சிவப்புத் துணியோடு உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். கடைந்த மரக்குமிழ்கள்தான் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் இருட்டு. சிவப்பு எங்கேயும் இல்லை.

'உள்ள தள்ளி உட்காரு, யாராவது பார்ப்பாங்க.' பதினோரு வருடமாக பத்ரான் இதைத்தான் சொல்லிவந்தான். அவளும் நம்பி, புழுங்கும் உள்ளறையில் அவரைக்காய் உரித்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். கோபம்கூட உடனே வரவில்லை. அந்த மாடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய மதியங்களை மனசு ஒவ்வொன்றாகத் தேடிப் போனது.

"என்னம்மா, உள்ளே தெரியுதா?" கீழிருந்து குமாஸ்தா கேட்டார்.

"தெரியலைங்க."

"வெயில்ல கண் கூசும் அவளுக்கு" என்று பத்ரான் அவசரமாகச் சிரித்தான். பிறகு தலையை உயர்த்தி, "நல்லா பாரு ஜலீலா. தெரியுதுன்னு சொல்லு" என்றான்.

பின்னல் வழியே அவன் நிமிர்ந்த முகம் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"நல்லா பார்த்துட்டேன்" என்றாள் ஜலீலா, குரல் உயர்த்தாமல். "அப்படிச் சொல்ல மாட்டேன்."