மூக்கும் லிட்மஸ் தாளும்

இந்த அமிலம், காரம் எல்லாவற்றையும் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு அறை விடுவேன். முப்பத்தெட்டு வயதில் எனக்கு எதற்குப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவ வேதியியல்? வேறு வழியில்லை. செமோரில் நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில், ஆய்வுக்கூட வேலை ஒன்று காலியாக இருந்தது. ரப்பர் பால் வந்திறங்கும் கொட்டகையில் பதினாறு வருடமாக நிற்கிறேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஆய்வுக்கூடத்தில் நாற்காலி உண்டு. தொழிற்சாலை வைக்கும் வேதியியல் பரீட்சையில் தேறினால்தான் அந்த நாற்காலி.

ஆய்வுக்கூடத்து ஜானிஸ் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் சொல்லிக்கொடுத்தாள். என்னைவிடப் பதினாலு வயது இளையவள். மோல், அயனி என்று அவள் பேசப் பேச, தட்டிலிருந்த மீ கோரெங் எனக்கு உள்ளே இறங்கவில்லை.

"அம்மோனியா வாயுவ எப்படிக் கண்டுபிடிப்பீங்க, விமலாக்கா?"

"மோந்து பாப்பேன்."

"அலாமாக்! அது பதில் இல்லலா. சிவப்பு லிட்மஸ் தாளத் தண்ணியில நனைச்சு வாயுகிட்ட காட்டணும். நீலமா மாறுனா அம்மோனியா."

"அடியேய், பீப்பா மூடியத் தொறந்தாலே எனக்குத் தெரியும். அம்மோனியா கொறைஞ்சு பால் கெடப்போவுதுன்னு போன மாசம் ரெண்டு லோரியத் திருப்பி அனுப்புனது யாரு? உங்க ஆய்வுக்கூடமா, என் மூக்கா?"

"உங்க மூக்குதான்க்கா. ஆனா மூக்குக்கு மார்க் இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்குப் பால் வாடையைப் புத்தகமா சொல்லித்தர வேண்டும்? முழங்காலை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். 'மூக்கை நம்பாதே, தாளை நம்பு' என்று மூன்று வாரம் குளிக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டேன்.

எழுத்துப் பரீட்சை எப்படியோ ஒப்பேறியது. செய்முறைக்கு ஆய்வுக்கூட மேலாளர் நைஜல், மூடிபோட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை நீட்டினார்.

"உள்ள என்ன வாயுன்னு சோதிச்சு எழுதுங்க. இது சரியா வந்தா வேல உங்களுக்குத்தான்."

மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. அம்மோனியாவேதான்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மூக்கை நம்பக்கூடாதே. டப்பாவிலிருந்து அவசரமாக ஒரு சிவப்புத் தாளை உருவி, குழாயின் வாயில் பிடித்தேன். சிவப்பாகவே இருந்தது. பத்துவரை எண்ணினேன். அப்போதும் சிவப்புதான். மனசு கேட்கவே இல்லை. இருந்தும், 'நிறம் மாறவில்லை, அம்மோனியா அல்ல' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வெளியே ஜானிஸ் காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது.

"அக்கா, தாள நனைச்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், கொட்டகையில் என்னோடு வேலை பார்க்கும் தேவன் கத்தினான்.

"விமலாக்கா, லோரி வந்திருச்சு! பால் நல்லா இருக்கான்னு வந்து மோந்து சொல்லுங்க!"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன்.